சென் கிளேயர் தெருவில் கலைந்த கூட்டம்

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கணவர் குளித்து, சேவ் எடுத்து, இத்தாலியில், பலெர்மோவில் வாங்கிய சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் வந்து நின்றார். ஸ்காபரோவில் அவருடைய அக்காவின் அப்பார்ட்மெண்டில் அப்போது தங்கியிருந்தோம். சோபாவில் சரிந்து வீடியோவில் படக்கொப்பி பார்த்துக்கொண்டிருந்த மச்சாள் நிமிர்ந்தார்.

“தம்பி, எங்கை வெளிக்கிட்டிட்டாய்?”

“சும்மா ஒருக்கா வெளியிலை. இஞ்சை சனம் எங்கை அக்கா நிக்கிறது?”

“நிக்கிறதோ? என்னத்துக்கு?”

“பின்னேரத்திலை. கதைச்சுக்கொண்டு.”

மச்சாளுக்கு அது விளங்கவில்லை. “பஸ்ஸுக்குத்தான் நிக்கிறது. வேறை ஒண்டுக்கும் இஞ்சை ஒருத்தரும் நிக்கிறேல்லை” என்றார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “கீழை பிளாசா இருக்கு. வேணுமெண்டால் அங்கை ஒருக்காப் போய்ப் பார்” என்றார்.

பிளாசா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தாலியில் ஊரின் நடுவே இருக்கும் சதுக்கத்தைப் பியாற்சா என்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார். “நீரும் வாரும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும்” என்றார். நான்கு வயது மகளுக்கு மச்சாள் கொடுத்த தடித்த ஜாக்கெட்டை மாட்டி, மூன்று பேரும் இறங்கிப் போனோம்.

அது வரிசையாக ஏழெட்டுக் கடைகளும் அவற்றுக்கு முன்னால் ஒரு கார் தரிப்பிடமும். தமிழ்க் கடை, சீனச் சாப்பாட்டுக் கடை, உடுப்புத் தோய்க்கிற இடம், ஒரு பல் வைத்தியர். சனம் காரில் வந்து இறங்கியது, கடைக்குள் ஓடியது, பையோடு ஓடிவந்து காரில் ஏறியது. காற்று முகத்தில் அறைந்தது. சாமான் தள்ளுகிற வண்டில்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் என் கணவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒரு தமிழர் காரின் கண்ணாடியை இறக்கி, “ரைட் ஏதும் வேணுமோ அண்ணை, கொண்டுபோய் விடட்டோ?” என்று அன்பாகக் கேட்டார். வேண்டாம் என்றதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

“இது கார் நிக்கிற இடம்” என்றார் என் கணவர். வீட்டுக்குத் திரும்பினோம்.

பலெர்மோவில் எங்கள் அறை ஒரு சின்னச் சதுக்கத்துக்குப் பின்னால் இருந்தது. வெளிநாட்டுக்காரர் வந்து படம் எடுக்கிற பெரிய சதுக்கம் அல்ல. சுவர் கறுத்துப்போன ஒரு தேவாலயம், எதிரே கோப்பிக் கடை, மருந்துக் கடை, நடுவில் எப்போதும் தண்ணீர் ஒழுகும் ஒரு கல் தொட்டி. காலையில் மீன்காரனின் கூவலும் பெண்கள் மேல்மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கும் சத்தமுமாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லா யன்னலும் சாத்தப்பட்டு, சதுக்கத்தில் வெயிலைத் தவிர ஒன்றும் இராது. பின்னேரம் வெயில் தாழத் தாழச் சனம் வரத் தொடங்கும்.

அவர்கள் வாங்கவோ விற்கவோ வருவதில்லை. தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, கிழவர்களும் கிழவிகளும் கைகோத்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடப்பார்கள். அந்த மூலை வந்ததும் திரும்பி இந்த மூலைக்கு நடப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போன புதிதில் எனக்கு அது விசர் வேலையாகத்தான் தெரிந்தது. போகப்போக விளங்கியது. ஒருத்தி தனியே நடந்தால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். ஒரு பெடியன் ஒரு பெட்டையின் தகப்பனோடு சேர்ந்து நடந்தால் சம்பந்தம் சரி என்று அர்த்தம். ஊரில் யாராவது செத்தால் கறுப்புக் கரை போட்ட தாளில் பெயரை அடித்துத் தேவாலயச் சுவரில் ஒட்டுவார்கள். சனம் அதன் முன் நின்று வாசித்து, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கதைக்கத் தொடங்கும். ஒரு வீட்டுக்குள் நடக்க வேண்டிய அரைவாசி அங்கே வெளியில் நடந்துகொண்டிருந்தது.

என் கணவர், காணி உறுதி எழுதி ஓய்வுபெற்ற ஒரு நொத்தாரிசைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். கிழவருக்கு இரண்டு காலும் இயங்காது. ஒவ்வொரு பின்னேரமும் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சதுக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அப்படி வந்து வந்து, அங்கே நின்ற அத்தனை பேருக்கும் என் கணவரைத் தெரிந்துவிட்டது. இத்தாலிய மொழியை விட, பலெர்மோ இருக்கும் சிசிலித் தீவுக்காரரின் கொச்சை அவருக்கு நன்றாக வந்தது. தேர்தல், பந்தாட்டம், எங்கள் நாட்டுச் சண்டை எல்லாவற்றையும் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் வீட்டு வேலைக்காரருக்கு லீவு. அந்த நாட்களில் தமிழர்கள் எல்லோரும் மருந்துக் கடைப் பக்கமாக வந்து கூடுவார்கள். அங்கேயும் இவருடைய குரல்தான் பெரிது.

வெளியில் சும்மா நிற்பது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்ல வேண்டும். ஊரில் எங்களுடைய கடைசி வருடங்களில் சந்தியில் நாலு பேர் சேர்ந்து நின்றால் வீட்டிலுள்ளவர்கள் ஓடிவந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவருடைய நெருங்கிய சிநேகிதனை வாசிகசாலை வாசலில் நின்ற நிலையிலேயே ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் பிறகு வரவில்லை. பலெர்மோவுக்குப் போன முதல் மாதங்களில் இவர் சதுக்கத்தின் நடுவுக்கு வரமாட்டார், சுவரோரமாகத்தான் நாற்காலியைத் தள்ளுவார். நடுவுக்கு வர எவ்வளவு காலம் எடுத்தது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வந்த பிறகு அவர் வேறு மனிதராக இருந்தார். நான் கலியாணம் கட்டியது அந்த மனிதரைத்தான் என்று இப்போதும் நினைப்பேன்.

நொத்தாரிசு செத்துப்போனார். மகன்மார் வீட்டைப் பூட்டினார்கள். வேலை போனால் விசாவும் போகும். அந்த நேரத்தில்தான் மச்சாள் கனடாவுக்கு வரச்சொல்லிப் போன் மேல் போன் எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் யோசித்து, வேறு வழியில்லாமல் வெளிக்கிட்டோம்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் அவருக்கு ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விடியமுன்பு ஒரு வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வானுக்குள் எல்லோரும் நித்திரை. வேலையிடத்தில் காதுக்குள் பஞ்சுபோல ஒன்றை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். திரும்பி வரும்போதும் வானுக்குள் நித்திரை. வீட்டுக்கு வந்தால் அவருக்குக் கதை வராது.

“என்னப்பா, ஒண்டும் பேசாமல் இருக்கிறியள்?” என்று கேட்பேன்.

“என்னத்தைப் பேசுறது? மெஷினைப் பற்றியோ?” என்பார்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து மோலுக்குப் போய் உள்ளே நீரூற்றடியில் நின்றிருக்கிறார். நீரூற்று அவரை இழுத்திருக்க வேண்டும். சீருடை போட்ட காவலாளி வந்து, ஏதாவது வாங்க வந்தாயா என்று கேட்டானாம். இல்லை என்றதும், அப்படியென்றால் இங்கே நிற்க முடியாது என்று சொன்னானாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக்கொண்டே கதவின் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கோபம் என்று நினைத்தேன். அது பயம். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் செய்ய எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மகள் பிறந்ததிலிருந்து அவளோடு அவர் பாதித் தமிழும் பாதி இத்தாலிய மொழியுமாகத்தான் கொஞ்சிக் கதைப்பார். பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு வருடத்துக்குள் அவளிடமிருந்து இத்தாலிய மொழி போய்விட்டது, தமிழும் வாயில் வராமல் போனது. அவர் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவருக்கு ஆங்கிலம் ஓடாது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நான் அப்போது கோட்டுத் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். பக்கத்து மெஷினில் இத்தாலியின் தெற்கு மூலையிலிருந்து வந்த வயதான ஒரு அம்மா, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். நான் அவருடைய மொழியில் பேசியதைக் கேட்டு முதல் நாள் ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டார். என் கணவரைப் பற்றி ஒருநாள் அவரிடம் சொல்லி அழுதேன். “ஞாயிற்றுக்கிழமை சென் கிளேயர் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போ. மேற்குப் பக்கமாகப் போ. எங்கடை ஆம்பிளையள் எல்லாம் அங்கைதான் நிப்பினம்” என்றார். அவர் இத்தாலிய மொழியில் சொன்னதுதான். ஆனால் என் காதில் இப்படித்தான் விழுந்தது.

சப்வே ரெயினில் போய், தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் மாறி ஏறி, ஒரு ஞாயிறு பின்னேரம் அங்கே இறங்கினோம். வசந்தகாலம் தொடங்கிவிட்டது. கோப்பிக் கடைகளுக்கு வெளியே, நடைபாதையில், தொப்பி போட்ட கிழவர்கள் நின்றார்கள். நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, தோளில் கோட்டைத் தொங்கவிட்டு, போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு. ஆனால் இடம் இல்லை. நடைபாதையின் அகலம் ஒரு பாய் அளவு. பிள்ளை வண்டில் வந்தால் எல்லோரும் சுவரோடு ஒட்டவேண்டும். பின்னால் கடை, முன்னால் கார்கள், ஸ்ரீட்கார் மணி.

என் கணவர் ஒரு கூட்டத்துக்குக் கிட்டப் போய்ச் சிசிலிக் கொச்சையில் ஏதோ சொன்னார். கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிரிப்பு. கொங்கிறீற் வேலை செய்து விரல்கள் மடங்கிப்போன ஒரு பெரியவர் இவருடைய தோளைப் பிடித்து உலுக்கி, “நீ எந்த ஊரடா?” என்று கேட்டார்.

“இலங்கை. ஆனால் பலெர்மோ.”

“அப்ப நீ என்னை விடக் கறுப்பான என்ரை சொந்தக்காரன்” என்றார் அவர். கடைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி வாங்கித் தந்தார். என் கணவர் அன்று கதைத்ததைப் போல நாங்கள் கனடாவுக்கு வந்த பிறகு கதைத்ததில்லை. மகள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். நான் அவருடைய கைகள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனார். நானும் மகளும் சில நாட்கள் கூடப் போவோம். அந்தப் பெரியவர் ஒருநாள் என்னிடம் காலால் நடைபாதையைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: “இந்த நகரத்தின் நடைபாதை எல்லாம் நாங்கள் போட்டது. ஒரு பியாற்சா போடச் சொல்லி ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சும்மா போட்டுக் குடுத்திருப்பம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பனிக்காலம் வந்ததும் நடைபாதையில் ஒருவரும் நிற்கவில்லை. கடைக்குள் நாலு மேசைகள். அவற்றில் இடம் பிடிக்க முடியாமல் என் கணவர் பல ஞாயிறுகளில் கோப்பியைக் குடித்துவிட்டு ஸ்ரீட்காரில் திரும்பி வந்தார்.

அடுத்த கோடையில் உலகக் கிண்ணப் பந்தாட்டம். இத்தாலி அரையிறுதியில் வென்ற அன்று, வேலை முடிந்த கையோடு என்னையும் மகளையும் இழுத்துக்கொண்டு சென் கிளேயருக்கு ஓடினார். நாங்கள் போய்ச் சேரும்போது தெருவைப் பொலிஸ் மறித்துவிட்டது. கார் இல்லை, ஸ்ரீட்கார் இல்லை. தண்டவாளத்தின் மேல் சனம். வயதான பெண்கள் வீட்டு நாற்காலிகளைத் தூக்கிவந்து தெரு நடுவில் போட்டு இருந்தார்கள். தோளில் பிள்ளைகள், யன்னல்களில் கொடிகள், தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கைகோத்து நடந்த கிழவர்களையும் கண்டேன், ஒரு சந்தியிலிருந்து மறு சந்திக்கு. என் கணவர் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவின் நட்டநடுவில் நின்றார்.

“பாத்தீரே?” என்று என்னிடம் கத்தினார். “இடம் இருந்திருக்கு! இவ்வளவு நாளும் இடம் இருந்திருக்கு!”

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். காலையிலேயே வெளிக்கிட்டோம். அந்தச் சாம்பல் கோட்டை வெயிலிலும் போட்டுக்கொண்டார். கடை வாசலில் தொலைக்காட்சியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ஆட்டம் கோலில்லாமல் இழுபட்டு, கடைசியில் பெனால்ரிக்குப் போனது. இத்தாலிக்காரர் அடித்த கடைசிப் பந்து கம்பத்துக்கு மேலால் போனது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.

பிறகு சனம் போகத் தொடங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொடியைச் சுருட்டினார்கள், நாற்காலியை மடக்கினார்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கார் விட்ட தெருக்களுக்குள் போனார்கள். தூரத்துத் தெருவொன்றில் வென்றவர்களின் ஹோர்ன் சத்தம் கேட்டது. தொலைக்காட்சியைக் கடைக்காரர் உள்ளே திருப்பினார். என் கணவர் தண்டவாளத்தின் மேல் நின்றபடியே நின்றார்.

“வாங்கோ, போவம்” என்றேன்.

“பொறும். வருவினம்.”

“ஆர்?”

“சனம். தோத்த நாளிலைதானே கூட வருவினம். போன முறை தோக்கேக்கை பலெர்மோவிலை எப்பிடி வந்தவை? நீரும் பாத்தனீர்தானே.”

பார்த்திருக்கிறேன். அதற்கு முந்திய உலகக் கிண்ணத்தில் இத்தாலி தோற்ற போது எங்கள் சதுக்கம் நிறைந்துபோனது. தேவாலயப் படியிலும் கல் தொட்டியிலும் இருந்தார்கள், நின்றார்கள். ஒரு செத்தவீட்டில் நிற்பதுபோல, ஒருவருக்கு ஒருவர் துணையாக. நொத்தாரிசுக் கிழவர் தன்னையும் கொண்டுபோகச் சொல்லி அழுதார்.

சென் கிளேயரில் ஒருவரும் வரவில்லை. பொலிஸ்காரர் மறிப்புப் பலகைகளை வண்டியில் ஏற்றினார்கள். ஒருவர் வந்து, நடைபாதைக்கு ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். இவர் அசையவில்லை. மகள் பயந்து என் சட்டையைப் பிடித்தாள். அப்போது அந்தக் கொங்கிறீற் வேலைப் பெரியவர் கடைக்குள்ளிருந்து வந்து இவருடைய கையைப் பிடித்தார்.

“வீட்டை போ, மகனே” என்றார். “இந்த நாட்டிலை துக்கம் வீட்டுக்குள்ளைதான்.”

கையைப் பிடித்தபடியே நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முதல் கார் எங்களைக் கடந்து போனது. சப்வேயில் என் கணவர் அழுதார். சத்தமில்லாமல், முகத்தை மறைக்காமல், தோற்றது பந்தாட்டத்தில் மட்டுமல்ல என்பதுபோல அழுதார். எதிரில் இருந்தவர்கள் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். மகள் என்னிடம் ஆங்கிலத்தில், “அப்பாவுக்கு என்ன நோகுது?” என்று கேட்டாள்.

அடுத்த வருடம் அந்தப் பெரியவரின் பிள்ளைகள் சென் கிளேயரில் இருந்த வீட்டை விற்று, அவரை வடக்கே, வயல்களை அழித்துக் கட்டிய புதிய வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தெருவின் இளம் ஆட்கள் எல்லாம் ஏற்கனவே அங்கே போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பஸ் மாறி அவரைப் பார்க்கப் போனோம். அகலமான தெரு, ஒரே மாதிரியான செங்கல் வீடுகள், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதர் இல்லை. பெரியவர் கராஜின் கதவை மேலே தூக்கி வைத்துவிட்டு, உள்ளே பிளாஸ்ரிக் கதிரையில் தெருவைப் பார்த்தபடி இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தலை வாரியிருந்தார். பக்கத்தில் இன்னொரு கதிரை வெறுமையாகக் கிடந்தது.

என் கணவர் அந்தக் கதிரையில் இருந்தார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு கார் வந்தது. அது எதிர்வீட்டுக் கராஜுக்குள் நேரே நுழைந்தது, கதவு தானாக இறங்கியது. காரில் இருந்தவரின் முகம் தெரியவில்லை.

“அவர் ஆர்?” என்று என் கணவர் கேட்டார்.

“தெரியாது” என்றார் பெரியவர். “தினமும் வாறார்.”

பெரியவரின் மருமகள் கோப்பி கொண்டுவந்து தந்து, மாமாவுக்குக் குளிர் பிடிக்கும், கனநேரம் வைத்திருக்க வேண்டாம் என்று என்னிடம் பக்குவமாகச் சொன்னாள். நல்ல பிள்ளை. கெட்டவர் என்று யாரையும் சொல்ல முடியாது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. திட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

அந்தப் பயணத்துக்குப் பிறகு என் கணவர் சென் கிளேயர் பக்கம் போகவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். பிறகு வேலைக்கும் போக முடியாமல் கட்டிலில் கிடந்தார். டொக்டர் மருந்து எழுதித் தந்தார், நடக்கச் சொன்னார். ஒரு பின்னேரம் நான் அவரை எழுப்பி, தலை வாரி, கோட்டைப் போட்டுவிட்டு, வீட்டுக்குக் கிட்ட இருந்த மார்க்கம் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையைக் கோத்துக்கொண்டேன். பஸ் தரிப்பிலிருந்து அடுத்த தரிப்பு வரைக்கும் நடந்து, திரும்பி நடந்தோம். உருகிய பனிச் சேற்றைக் கார்கள் எங்கள் மேல் அடித்துக்கொண்டு போயின. எதிரே ஒருவரும் வரவில்லை. மூன்றாம் முறை திரும்பும்போது அவர் நின்றுவிட்டார்.

“ஆருக்குக் காட்ட நடக்கிறம்?” என்று கேட்டார்.

“எனக்காக நடவுங்கோவன்” என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “உம்மை நான் வீட்டிலையே பாக்கிறன்தானே” என்றார். என் கையை விடாமல்தான் சொன்னார். ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

தொண்ணூறுகள் முடியும்போது மச்சாள் குடும்பம் போன வழியில் நாங்களும் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிற விட்பிக்குக் குடிபோனோம். நான் வேலை முடிந்து ரெயினில் வந்து இறங்குவேன். அவர் குசினி மேசையடியில் இருப்பார். “ரெயின் பிந்தினதோ?” என்று கேட்பார். “ஓம், கொஞ்சம்” என்பேன். பெரும்பாலான நாட்களில் அன்றைய எங்கள் கதை அவ்வளவுதான். மகள் மேலே தன்னுடைய அறையில் போனில் சிரித்துக் கதைப்பது கேட்கும். நான் தேத்தண்ணி போட்டு அவருக்கு முன்னால் வைப்பேன். இரண்டு பேரும் குடிப்போம். பிறகு நான் சமைக்கத் தொடங்குவேன்.